மூளையில் அடிபட்ட கலைஞர் மறுபடி தொழிலுக்கு வர முடியுமா?

மலையாளப் படம் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஜகதி ஸ்ரீகுமாரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்த சிரிப்பு நடிகர். 2012 மார்ச் 10-ந் தேதி விடியற்காலையில், கோழிக்கோடு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அவர் போன கார் சாலைத் தடுப்பில் மோதியது. தலையிலும் உடம்பிலும் பலத்த அடி. கோழிக்கோட்டில் அவசர சிகிச்சை. அதன்பிறகு நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைத்தியமும் பயிற்சியும். உயிர் தப்பியது. ஆனால் பேச்சு போயிற்று, நடையும் போயிற்று. வசனத்தாலேயே ஊரைச் சிரிக்க வைத்த மனிதருக்குப் பேச்சே இல்லை என்றால் மிச்சம் என்ன?

'இனிமேல் அவர் அவ்வளவுதான்' என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பத்து வருஷம் கழித்து, 2022 மே மாதம், மம்முட்டி நடித்த 'சி.பி.ஐ. 5' படம் வெளிவந்தது. 1988-ல் தொடங்கிய அந்த வரிசையில் துப்பறியும் அதிகாரிக்கு உதவியாளராக வரும் விக்ரம் என்ற பாத்திரம் ஜகதியுடையது. ஐந்தாவது படத்திலும் அவரே விக்ரம். பேச்சு திரும்பவில்லை. பழைய சுறுசுறுப்பும் இல்லை. அவருடைய இப்போதைய நிலைக்கு ஏற்றபடி பாத்திரத்தை எழுதினார்கள். முகத்தையும் கண்ணையும் வைத்தே அவர் நடித்தார். அவர் திரையில் வந்தபோது தியேட்டரில் கைதட்டல்.

இதை அதிசயம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் படுத்திருந்தால், அந்த வார்த்தையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மூளையில் அடிபட்டவரிடம் எது போகிறது, எது தங்குகிறது, தங்கியதை வைத்து ஒரு கலைஞர் எப்படிப் பிழைப்பை நடத்துவது? இதைப் பாடமாகவே பார்ப்போம்.

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் இந்தப் பாடம் ரொம்பத் தேவை. ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு, இன்னொரு பக்கம் வேளச்சேரி ரோடு. கல்யாண மண்டபத்தில் பாடிவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இரண்டு சக்கர வண்டியில் திரும்புகிற மெல்லிசைக் கலைஞர்கள், வீட்டு மாடியில் பரதநாட்டியம் சொல்லித்தருகிற பெண்கள், மிருதங்கம், தவில் வாசிப்பவர்கள், போர்டு எழுதுகிற ஓவியர்கள் எல்லாம் இங்கே தெருவுக்கு ஒருவர் உண்டு. இவர்களுக்கு ஒரு விபத்தோ பக்கவாதமோ வந்தால் உடம்போடு சேர்ந்து வருமானமும் படுத்துவிடுகிறது.

முதல் மணி நேரம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, வலிப்பு, தூக்கக் கலக்கம், ஒரு கை கால் இழுத்துக்கொள்வது, மூக்கு அல்லது காது வழியாக ரத்தமோ தண்ணீர் போன்ற நீரோ வடிவது - இவற்றில் எது இருந்தாலும் 108-க்கு போன் செய்யுங்கள். திடீரென்று வாய் கோணினாலும், பேச்சு குழறினாலும் அதேதான். அந்த நேரத்தில் என்னைப் போன்ற சித்த வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடி வராதீர்கள். ஸி.டி. ஸ்கேனும் மூளை அறுவை நிபுணரும் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தரும் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தை 2021 டிசம்பர் 18-ந் தேதி மேல்மருவத்தூரில் தமிழக அரசு தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் நிர்ணயித்த வரம்புக்குள் இது கிடைக்கும்.

எது எங்கே இருக்கிறது?

மூளையை இரண்டு பாதியாக நினைத்துக்கொள்ளுங்கள். இடது பாதி உடம்பின் வலது பக்கத்தை ஆள்கிறது, வலது பாதி இடது பக்கத்தை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் மொழியும் இடது பாதியில்தான். அதனால்தான் வலது கை கால் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் போகிறது. இதற்கு 'அஃபேசியா' என்று பெயர். நினைப்பு இருக்கும், வார்த்தை வராது. சிலருக்கு நாம் பேசுவதே புரியாது. புத்தி கெட்டுவிட்டது என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது.

வலது பாதியில் அடிபட்டால் வேறு விதமான தொல்லை. இடம், திசை, வடிவம் பற்றிய உணர்வு குழம்பும். சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். தட்டில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இடது பாதியை அப்படியே வைத்துவிடுவார்கள். 'சாப்பாடு பிடிக்கலையா?' என்று வீட்டில் கேட்பார்கள். விஷயம் அதுவல்ல. அந்தச் சோறு அவர் கண்ணில் பட்டும் மூளையில் படவில்லை.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்பகுதி, திட்டமிடுவது, பொறுமை, ஒரு வேலையைத் தானாகத் தொடங்கும் முனைப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறது. வண்டியிலிருந்து விழுகிறவர்களுக்கு அடிக்கடி அடிபடும் இடம் இது. பொட்டுப் பக்கம் இருக்கும் பகுதியில் அடிபட்டால் புதிய ஞாபகம் தங்காது.

பேச்சு வராதவருக்குப் பாட்டு வருமா?

வரலாம். 'தண்ணி வேணும்' என்று கேட்க முடியாத ஒருவர், தெரிந்த சினிமாப் பாட்டின் பல்லவியை வார்த்தையோடு பாடுவதை நீங்களே பார்த்திருக்கலாம். ராகம், மெட்டு போன்றவற்றில் வலது பாதிக்கும் பெரிய பங்கு உண்டு. தவிர, பல வருஷம் பாடிப் பாடித் தேய்ந்த பாட்டு, எண் வரிசை, கிழமைப் பெயர் எல்லாம் தானாக ஓடக்கூடியவை. இதை வைத்தே 1970-களில் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள். அன்றாடம் தேவைப்படும் சின்ன வாக்கியத்தை இரண்டு சுரத்தில் இழுத்துப் பாடவைத்து, கூடவே இடது கையால் தாளம் தட்டவைப்பார்கள். பிறகு மெல்ல மெல்ல மெட்டைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவார்கள். எல்லோருக்கும் இது பலிக்காது. யாருக்குப் பொருந்தும் என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர்தான் சொல்ல வேண்டும்.

கையின் ஞாபகம் இன்னொரு விஷயம். இங்கிலாந்தில் கிளைவ் வேரிங் என்ற இசைக் கலைஞருக்கு 1985-ல் மூளைக் காய்ச்சல் வந்தது. சில நொடிகளுக்கு முன் நடந்ததுகூட அதன்பிறகு அவர் மனதில் தங்கவில்லை. ஆனால் பியானோ முன் உட்கார்ந்தால் வாசித்தார். காரணம், 'காலையில் என்ன சாப்பிட்டேன்' என்ற ஞாபகம் ஓர் இடத்தில், விரலும் காலும் பழகிய வித்தை வேறு இடங்களில். மிருதங்கம் வாசித்தவருக்கும் ஜதிக்கு ஆடியவருக்கும் இதுதான் நம்பிக்கை தரும் செய்தி.

மூன்று பேர், மூன்று வழி

பல்கேரிய நாட்டு ஓவியர் ஸ்லாத்தியு போயாஜியேவ். நன்றாகப் பேர் வாங்கியவர். 1951-ல் பக்கவாதம். வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போயிற்று. வரைகிற கையே போய்விட்டது. மெல்ல மெல்ல இடது கையில் தூரிகை பிடிக்கப் பழகினார். அதற்குப் பிறகு 1976-ல் இறக்கும்வரை வரைந்தார். முன்பு அடக்கமான நிறத்தில் கிராமக் காட்சிகளை வரைந்தவர், பின்னால் பளிச்சென்ற நிறங்களில் பெரிய பெரிய படங்கள் வரைந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு ஆள் வரைந்த மாதிரி இருக்கும்.

ஜெர்மன் ஓவியர் லோவிஸ் கொரிந்துக்கு 1911 டிசம்பரில் பக்கவாதம். அவருக்கு விழுந்தது இடது பக்கம். ஓவியரான அவர் மனைவி ஷார்லோட்டே கூடவே இருந்து மறுபடி தூரிகை பிடிக்க வைத்தார். அதன்பின் 1925 வரை வாழ்ந்து நூற்றுக்கணக்கில் வரைந்தார். வால்ஷன்ஸே ஏரிக் காட்சிகள் என்று இன்றைக்கும் கொண்டாடுகிற படங்கள் எல்லாம் இந்தக் காலத்தவை. கோடு முன்போல் நேர்த்தியாக இல்லை. அந்தத் தளர்ந்த கோட்டுக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

ரஷ்ய இசையமைப்பாளர் ஷெபாலினுக்கு 1953-ல் முதல் தாக்குதல், 1959-ல் இரண்டாவது. பேசுவதும் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதும் மிகவும் கஷ்டமாயிற்று. ஆனாலும் 1962-ல் தமது ஐந்தாவது சிம்பொனியை முடித்தார். மறுவருஷம் இறந்தார். லூரியா என்ற புகழ்பெற்ற மூளை ஆராய்ச்சியாளர் இவரைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

இந்த மூவரும் அடிபடுவதற்கு முன்பே தொழில் கற்றவர்கள் என்பதைக் கவனியுங்கள். பல வருஷச் சாதகம்தான் அவர்களுக்குக் கைகொடுத்தது. மூளையில் அடிபட்டால் கலைத்திறமை பொங்கி வரும் என்று பத்திரிகைகளில் வருவது மிக அபூர்வமாக நடக்கிற விஷயம். பக்கவாதத்தில் விழுந்து, பிறகு வரையவே முடியாமல் போன பெரிய ஓவியர்களும் உண்டு. கல்கத்தாவின் பிகாஷ் பட்டாச்சார்ஜி 2000-ல் விழுந்தார், 2006-ல் இறக்கும்வரை தூரிகை பிடிக்க முடியவில்லை. அவர் முயற்சி செய்யவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அடிபட்ட இடமும் அளவும்தான் பாதி விஷயத்தைத் தீர்மானிக்கின்றன.

வெளியே தெரியாத காயம்

கை கால் விழுந்தது எல்லோருக்கும் தெரிகிறது. தெரியாத கஷ்டங்கள்தான் வீட்டில் சண்டையைக் கொண்டுவருகின்றன. என்னிடம் வந்த ஓர் அம்மாவின் புலம்பல் இது: 'நல்லாத்தான் இருக்கான் டாக்டர். நடக்குறான், சாப்பிடுறான். வாத்தியத்தை எடுடான்னா எடுக்க மாட்டேங்குறான். பத்து நிமிஷம் வாசிச்சா படுத்துக்குறான். கேட்டா எரிஞ்சு விழறான். முன்னெல்லாம் மூணு மணி நேரம் சாதகம் பண்ணுவான்.'

சோம்பேறித்தனம் என்று அந்த அம்மா நினைத்தார். இது மூளைக் களைப்பு. நமக்குத் தானாக நடக்கிற காரியத்தை அடிபட்ட மூளை முக்கி முனகிச் செய்ய வேண்டியிருக்கிறது. டி.வி. சத்தம், குக்கர் விசில், நாலு பேர் பேச்சு இதற்கு நடுவில் தாளத்தைக் கணக்குப் பண்ணுவது அவனுக்கு மலை ஏறுகிற மாதிரி. எரிந்து விழுவதும் முன்மூளை அடியின் விளைவாக இருக்கலாம். கூடவே மனச்சோர்வும் வரும். அதற்குத் தனியாக வைத்தியம் உண்டு. 'செத்திருக்கலாம்' என்கிற மாதிரி பேச்சு வந்தால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

சித்த மருத்துவம் எங்கே வரும்?

யூகி முனிவர் வாத நோய்களை 80 வகையாகப் பிரித்திருக்கிறார். பக்கவாதமும் அதில் ஒன்று. தொக்கணம் என்கிற எண்ணெய்ப் பிடிப்பு முறைகள் ஒன்பது, வர்மம் 108 என்று நம் நூல்கள் சொல்கின்றன. ஆபத்துக் கட்டம் தாண்டி, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபின், இறுகிப்போன தசையைத் தளர்த்தவும், வலியைக் குறைக்கவும், தூக்கம், மலச்சிக்கல், பசி இவற்றைச் சரிசெய்யவும் இவை துணை நிற்கும். தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் தொடங்கிய தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இதற்கெல்லாம் படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சில எச்சரிக்கைகள்:

1. வலிப்பு மாத்திரை, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக்கட்டு மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொல்கிற வைத்தியரை நம்பாதீர்கள்.

2. அறுவை செய்து மண்டை ஓட்டின் ஒரு துண்டை எடுத்து வைத்திருந்தால் அந்த இடத்தில் கை வைக்கவே கூடாது. தலையில் எண்ணெய் தேய்ப்பதும் வர்மம் தட்டுவதும் அறுவை செய்த டாக்டர் சம்மதித்த பிறகுதான்.

3. படுக்கையில் கிடந்தவருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் தேய்க்காதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். தேய்த்தால் அது நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரி.

4. வல்லாரை நல்ல கீரை. ஆனால் வல்லாரை தின்றால் மூளைக் காயம் ஆறிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பேர் தெரியாத செந்தூரம், பற்பம் வாங்கிக் கொடுக்காதீர்கள். எந்த மருந்து சாப்பிட்டாலும் இரண்டு டாக்டர்களுக்கும் தெரியட்டும்.

சாதகத்தை எப்படி ஆரம்பிப்பது?

முன்னேற்றம் முதல் சில மாதங்களில் வேகமாகத் தெரியும். பிறகு வேகம் குறையும், ஆனால் நின்றுவிடாது. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். மூளை புதுப் பாதை போட்டுக்கொள்ள, செய்த காரியத்தையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

காலையில், தூங்கி எழுந்து பலகாரம் சாப்பிட்டபின், பத்து நிமிஷம் மட்டும். டி.வி.யை அணைத்துவிடுங்கள். களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்துங்கள். ஒரு வாரம் சிரமமில்லாமல் போனால் இரண்டு நிமிஷம் கூட்டுங்கள். பாடகர் சரளி வரிசையிலிருந்து, ஆடுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து முத்திரை, கண் அசைவிலிருந்து, ஓவியர் பெரிய தாளில் பெரிய கோட்டிலிருந்து ஆரம்பிக்கட்டும். 'அரங்கேற்றம் முடிச்சவளுக்கு இதெல்லாமா?' என்று யாரும் கேலி செய்யக் கூடாது.

இடது பக்கம் மறந்துபோகிறவருக்குத் தாளின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுங்கள். ஞாபகம் தங்காதவருக்கு அன்றன்றைக்கு வாசித்ததை நோட்டில் எழுதி, செல்போனில் பதிவு செய்து வையுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது அவருக்கே தெரியும். விபத்துக்கு முந்தைய கேஸட்டையும் வீடியோவையும் அவராகக் கேட்டால் ஒழியப் போட்டுக் காட்டாதீர்கள்.

தொழிலாக நடத்த முடியுமா?

இங்கேதான் ஜகதியின் கதையைக் கவனிக்க வேண்டும். அவர் பழைய ஜகதியாக மாறும்வரை யாரும் காத்திருக்கவில்லை. இருக்கிற ஜகதிக்கு அளவெடுத்து வேலையைத் தைத்தார்கள். நம் வீட்டிலும் அதையே செய்யலாம்.

மூன்று மணி நேரக் கச்சேரி முடியாதவர், இரண்டு குழந்தைகளுக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுக்கலாம். வாசிக்க விரல் வராதவர் கோர்வை அமைத்துக் கொடுக்கலாம், சீடப்பிள்ளைகளின் தாளத்தைத் திருத்தலாம். ஆட முடியாத ஆசிரியை நட்டுவாங்கம் பிடிக்கலாம், அபிநயம் சொல்லித்தரலாம். ஓவியருக்கு அவசர ஆர்டர் வேண்டாம். ஒரு மாத அவகாசம் தருகிறவரின் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். பணம், தேதி, பேசிய பேச்சு எல்லாவற்றையும் வீட்டில் ஒருவர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு வழக்கில் ஏமாறுவது இவர்களுக்குச் சுலபம்.

சபாக்காரரிடமோ மண்டபத்துக்காரரிடமோ நிலைமையை மறைக்காதீர்கள். 'இருபது நிமிஷம் பாடுவார், நடுவில் ஓய்வு வேண்டும்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் மேடையில் அவமானம் இல்லை. முதல் மேடை கோயில் உற்சவமோ தெரிந்தவர் வீட்டு நவராத்திரிக் கொலுவோ ஆக இருக்கட்டும். ராத்திரிக் கச்சேரி முடிந்து அவராக வண்டி ஓட்டிக்கொண்டு வருவது கூடாது. வலிப்பு வந்தவர் டாக்டர் அனுமதிக்கும்வரை வண்டியைத் தொடவே கூடாது. மதுவும் கூடாது. இன்னொரு முறை தலையில் அடிபட்டால் தாங்காது.

வருமானம் முன்போல வராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் ஒன்றிரண்டு வருஷம் வீட்டுச் செலவுக்கு வேறு வழி பார்த்துவிட்டு, கலையில் வருவதை மேல்வருமானமாக வைத்துக்கொள்ளுங்கள். 'சீக்கிரம் சம்பாதிக்கணும்' என்கிற நெருக்கடிதான் பலரைப் பாதியில் வாத்தியத்தை மூட்டைகட்ட வைக்கிறது.

அரசாங்க உதவிகளைக் கேட்டு வாங்குங்கள். 2016-ம் வருஷச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கை கால் முடக்கம் மட்டுமில்லை, அஃபேசியாவால் நிரந்தரமாகப் பேச்சு போனதும் அதில் அடங்கும். தாம்பரம் இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பதால், அந்த மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனித்துவ அடையாள அட்டைக்கு விசாரியுங்கள். வெளியே கூட்டிப்போக முடியாதவருக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இரண்டும் நமக்குப் பக்கம்தான்.

வீட்டாருக்கு

'முன்னெல்லாம் எப்படிப் பாடுவே!' என்று சொல்லாதீர்கள். அவர் வார்த்தையைத் தேடும்போது நீங்கள் முந்திக்கொண்டு முடிக்காதீர்கள். பத்து விநாடி பொறுங்கள், வரும். அவர் முன்னாலேயே அவரைப் பற்றி மூன்றாம் மனிதரிடம் பேசாதீர்கள். பேச்சு இல்லாவிட்டாலும் அவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். கவனித்துக்கொள்கிறவரும் வாரத்தில் அரை நாளாவது வெளியே போய் வாருங்கள். மனைவியோ அம்மாவோ படுத்துவிட்டால் சாதகம் பார்க்க ஆள் ஏது?

வாத்தியத்தை உறை போட்டுப் பரண்மேல் வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே இறக்கி, தூசி தட்டி, அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். எடுக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். என்றைக்கு அவராக உறையை நீக்குகிறாரோ, அன்றையிலிருந்து பத்து நிமிஷக் கணக்கை ஆரம்பியுங்கள்.